கல்லூரி வேலை போனது. பல்லாவரத்தில் வழி பிறந்தது

சென்னையிலிருந்து தெற்கே தாம்பரம் போகும் பெரிய சாலையில், சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. 1726-ம் ஆண்டில் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி அந்த இடத்தில் ஒரு பாலம் கட்டிக் கொடுத்தார். அதை மர்மலாங் பாலம் என்று சொல்வார்கள். பழைய பாலம் போய்ப் புதுப் பாலம் வந்தது. அதற்கு மறைமலை அடிகள் பாலம் என்று பெயர் வைத்தார்கள்.

தாம்பரத்தையும் தாண்டி, செங்கல்பட்டுப் பாதையில் ரெயிலில் போனால் ஒரு ஊர் வரும். அதன் பெயர் மறைமலை நகர்.

பாலத்துக்கும் அந்த ஊருக்கும் நடுவில் இருப்பது பல்லாவரம். 2021 முதல் அது தாம்பரம் மாநகராட்சியில் ஒரு பகுதி. அங்கே சாவடித் தெருவில் மறைமலை அடிகளின் வீடு இருக்கிறது. 1911-ல் பல்லாவரத்துக்குக் குடிவந்தவர், 1950-ல் கண்மூடும் வரையில் அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார்.

தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்று அவரை ஊரெல்லாம் அறியும். அவர் பல்லாவரத்துக்கு எப்படி வந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. முப்பத்தைந்தாவது வயது நடக்கும்போது, பெண்டாட்டி பிள்ளைகளோடு, கையிலிருந்த நல்ல வேலை போய் வந்தார்.

வேண்டிப் பெற்ற பிள்ளை

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் காடம்பாடி என்ற ஊர். சொக்கநாத பிள்ளை அங்கே பெயர் பெற்ற வைத்தியர். ரண சிகிச்சையில் கைதேர்ந்தவர். அவர் மனைவி சின்னம்மை.

நெடுநாள் பிள்ளை இல்லை. திருக்கழுக்குன்றத்துச் சிவபெருமானை வேண்டிக்கொண்டார்கள். 1876 ஜூலை 15-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. திருக்கழுக்குன்றத்து மலைக்கு வேதகிரி, வேதாசலம் என்றெல்லாம் பெயர் உண்டு. அந்த மலையின் பெயரையே குழந்தைக்கும் வைத்தார்கள். வேதாசலம்.

நாகப்பட்டினத்தில் பாதிரிமார் நடத்திய வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் வேதாசலம் படித்தார். ஆங்கிலம் நன்றாக வந்தது. சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். படிப்பு பாதியில் நின்றது. மேற்கொண்டு கல்லூரிக்குப் போகவில்லை. பட்டம் ஒன்றும் வாங்கவில்லை.

கடைக்காரர் சொன்ன பாடம்

நாகப்பட்டினத்தில் நாராயணசாமிப் பிள்ளை என்று ஒருவர் புத்தகக் கடை வைத்திருந்தார். விற்பது மட்டும் அல்ல, தமிழைக் கரைத்துக் குடித்தவர். வேதாசலம் அவரிடம் போய்ச் சேர்ந்தார். இலக்கணம், சங்கப் பாட்டு, காவியம் எல்லாம் கேட்டுப் படித்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் விட்ட குறையைப் புத்தகக் கடை தீர்த்தது.

சைவ சித்தாந்தத்தைச் சோமசுந்தர நாயகர் என்ற பெரியவரிடம் கற்றார். நாயகர் பேச்சில் வல்லவர். பிற்காலத்தில் அடிகள் மேடையில் மணிக்கணக்காகப் பேசியதற்கு வித்து அங்கே விழுந்தது.

பதினேழு வயதில் கலியாணம். மனைவி சௌந்தரவல்லி. குடும்பம் வந்துவிட்டது, வருமானம் வரவில்லை.

மனோன்மணீயம் என்ற நாடகத்தை எழுதிய சுந்தரம் பிள்ளை அப்போது திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தார். வேதாசலம் அவருக்குக் கடிதம் எழுதினார். பிறகு நேரிலேயே போய்ப் பார்த்தார். இந்த வாலிபரின் புலமையைக் கண்டு பிள்ளை வியந்து, நற்சான்று எழுதிக் கொடுத்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் வேலையும் கிடைத்தது. ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. சில மாதத்தில் ஊர் திரும்பினார்.

1897-ல் நல்லசாமிப் பிள்ளை என்ற நீதிபதி சித்தாந்த தீபிகை என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சைவத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் விளக்குவதற்கு ஏற்பட்ட பத்திரிகை அது. அதன் தமிழ்ப் பகுதிக்கு வேதாசலம் ஆசிரியர் ஆனார். சில மாதம் அந்த வேலை நடந்தது.

இருபத்திரண்டு வயது நிரம்புவதற்குள் இரண்டு வேலை பார்த்தாகிவிட்டது. இரண்டும் நிலைக்கவில்லை.

மூன்று சொல்லில் கிடைத்த வேலை

1898-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஒரு தமிழாசிரியர் தேவைப்பட்டார். அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. ஐகோர்ட்டுக்கு எதிரில், ஜார்ஜ் டவுனில் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான மில்லர் துரை கல்லூரித் தலைவர். சூரியநாராயண சாஸ்திரியார் தமிழ் ஆசிரியர். பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கி ஒரு கவிதைப் புத்தகத்தில் போட்டுக்கொண்டவர் இவரே.

வேலைக்கு வந்தவரைச் சாஸ்திரியார் சோதித்த விதத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. தமிழாசிரியர்கள் இன்றும் வகுப்பில் அதைச் சொல்லுகிறார்கள்.

தமிழில் சில சொற்களின் கடைசியில் வரும் உகரம், தன் அளவில் பாதியாகக் குறுகி ஒலிக்கும். அதற்குக் குற்றியலுகரம் என்று பெயர். அதற்கு உதாரணம் சொல்லும்படி சாஸ்திரியார் கேட்டாராம். வேதாசலம் தமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாராம். சாஸ்திரியார் உடனே அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டாராம்.

பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரியாது என்றவருக்கு வேலையா?

அவர் சொன்ன சொற்கள் மூன்று: அஃது, எனக்கு, தெரியாது. மூன்றும் குற்றியலுகரத்தில் முடிகின்றன. மூன்றும் வெவ்வேறு வகை. தெரியாது என்று சொல்லுகிற சாக்கில் மூன்று உதாரணம் கொடுத்துவிட்டார்! கேட்டவரும் புலவர், சொன்னவரும் புலவர்.

பட்டம் இல்லாதவர், பட்டப் படிப்பு மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வந்தார்.

பதின்மூன்று வருடம்

வேதாசலம் அந்தக் கல்லூரியில் 13 வருடம் வேலை பார்த்தார். பிற்காலத்தில் நாவலர் என்று புகழ் பெற்ற சோமசுந்தர பாரதியார் அவரிடம் பாடம் கேட்டவர்.

அந்த நாளில் கல்லூரியில் தமிழாசிரியர் நிலை எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். சரித்திரம், கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். அவற்றைச் சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் மதிப்பு. சம்பளமும் அவர்களுக்குத்தான் அதிகம். தமிழாசிரியருக்குப் பண்டிதர் என்று பெயர். எத்தனை வருடம் இருந்தாலும் பண்டிதர் பண்டிதர்தான். ஏறிப் போக மேலே படி கிடையாது.

1901-ல் குரு சோமசுந்தர நாயகர் காலமானார். 1903-ல் சாஸ்திரியார் இறந்தார். அவருக்கு வயது 33 தான். கைதூக்கிவிட்டவர்கள் இருவரும் மூன்று வருடத்துக்குள் போய்விட்டார்கள்.

இந்த நிலையில் பலரும் செய்வது என்ன? மணி அடித்தால் வகுப்புக்குப் போவது, மணி அடித்தால் வீட்டுக்கு வருவது, முதல் தேதி சம்பளம் வாங்குவது. வேதாசலம் அதோடு நிற்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு இன்னொரு வேலை தொடங்கும்.

1902-ல் ஞானசாகரம் என்று சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். வகுப்பில் சொன்ன பாடங்களை வளர்த்துப் புத்தகமாக எழுதினார். சங்கப் பாட்டான முல்லைப்பாட்டுக்கு 1903-லும் பட்டினப்பாலைக்கு 1906-லும் அவருடைய ஆராய்ச்சி நூல்கள் வந்தன. பழைய உரைகாரர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், ஆங்கிலேயர் தங்கள் கவிகளை ஆராய்கிற முறையில் தமிழ்ப் பாட்டை ஆராய்ந்து காட்டினார். வடமொழியைக் கற்று, காளிதாசனின் சாகுந்தல நாடகத்தைத் தமிழாக்கினார். 1905-ல் சைவ சித்தாந்த மகா சமாஜம் ஏற்பட்டபோது அதற்காக முன்னின்று உழைத்தார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

இவ்வளவும் சம்பளத்துக்குச் சம்பந்தம் இல்லாத வேலைகள். ஆனால் பிற்பாடு சோறு போட்டவை இவைதான்.

தமிழ் கட்டாயம் இல்லை

கல்லூரியில் தமிழ் ஒரே ஒரு பாடம். அதற்கும் ஆபத்து வந்தது.

சாஸ்திரியார் இருந்த காலத்திலேயே, பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து தமிழை எடுத்துவிடலாம் என்ற யோசனை கிளம்பியது. சாஸ்திரியார் அதை எதிர்த்துப் போராடினார். அந்தத் தடவை தமிழ் தப்பியது.

பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் புதிய விதிகள் போட்டது. கட்டாயப் பாடம் என்ற இடம் தமிழுக்கு இல்லாமல் போயிற்று. பரீட்சைக்கு வேண்டாத பாடத்தை எத்தனை பையன்கள் எடுப்பார்கள்? தமிழ் வகுப்பு சுருங்கியது. தமிழாசிரியருக்கு வேலையும் சுருங்கியது.

1911 ஏப்ரலில் வேதாசலம் கல்லூரியை விட்டு வெளியே வந்தார்.

அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. பாடம் சொல்லுவதில் குறை இல்லை. அவர் கற்ற கல்விக்கு ஊரில் விலை குறைந்துவிட்டது, அவ்வளவுதான். நெய்யத் தெரிந்தவன் இருக்கிறான், தறியும் இருக்கிறது, துணி வாங்க ஆள் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி ஆயிற்று.

வேறொரு பள்ளிக்கூடத்தில் போய்ச் சேரலாம். ஆங்கிலம் தெரிந்தவர் ஆனதால் ஆபீஸ் உத்தியோகம் தேடலாம். அவர் இரண்டையும் தேடவில்லை. இனிமேல் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார். பல்லாவரத்துக்குக் குடிபோனார்.

மலையடியில் ஒரு வீடு

அன்றைய பல்லாவரத்தை இன்றைய பல்லாவரம் என்று நினைக்கக் கூடாது. மின்சார ரெயில் அப்போது இல்லை. அது 1931-ல்தான் ஓடத் தொடங்கியது. விமான நிலையம் இல்லை. புகைவண்டி நிலையம், பட்டாளத்தார் இருந்த கண்டோன்மெண்டு, சுற்றிலும் குன்றுகள். அந்தக் குன்று ஒன்றில் பல்லவ ராஜா குடைந்த குகைக் கோவில் உண்டு. ஊரின் பெயரே பல்லவபுரம் என்பதிலிருந்து வந்தது. 1863-ல் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயர் ஆதி மனிதர்களின் கற்கருவியைக் கண்டெடுத்ததும் இந்த ஊரில்தான்.

படிக்கவும் எழுதவும் அமைதியான இடம். பட்டணத்துக்குப் போய்வர ரெயிலும் இருந்தது.

அதே 1911-ல் அவர் காவி உடுத்தினார். காவி என்றால் குடும்பத்தை விட்டு ஓடிவிடவில்லை. மனைவி மக்களோடு இல்லறத்தில் இருந்துகொண்டே துறவு பூண்டார். சுவாமி வேதாசலம் என்று அவரை அழைத்தார்கள். வடலூர் இராமலிங்க சுவாமிகளின் கொள்கையைப் பின்பற்றிச் சமரச சன்மார்க்க நிலையம் என்ற சங்கத்தை ஏற்படுத்தினார். சாதி, சமய வேற்றுமை பாராமல் எல்லோரும் சேரலாம் என்பது அதன் கொள்கை.

பல்லாவரத்தில் திருமுருகன் அச்சுக்கூடம் என்று ஒரு அச்சகமும் வைத்தார். அந்தக் காலத்து அச்சு வேலை லேசானது அல்ல. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். மை தடவித் தாளை வைத்து அழுத்த வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் எழுத்துகளைக் கலைத்து, மறுபடியும் பெட்டியில் போட வேண்டும். அவருடைய புத்தகங்களும் பத்திரிகையும் அங்கே அச்சாகி வெளியூர்களுக்குப் போயின.

பத்திரிகைச் சந்தா, புத்தக விற்பனை, சொற்பொழிவுக்குக் கிடைக்கும் பணம். இந்த மூன்றும்தான் குடும்பத்துக்கு ஆதாரம். மூன்றும் நிச்சயம் இல்லாதவை. பத்திரிகை மாதம் தவறி வந்தது உண்டு. பேசக் கூப்பிட்டவர்களிடம் அவர் பணம் வாங்கிக்கொண்டு பேசினார். காவி கட்டியவருக்குப் பணம் எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். வக்கீல் பேச்சுக்குப் பணம் கொடுக்கிற ஊர், புலவர் பேச்சுக்கு மாலையோடு சரி என்று நினைத்தது. புலவர் வீட்டிலும் உலை வைக்க அரிசி வேண்டாமா?

1914-ல் கடல் கடந்து இலங்கைக்குப் போனார். பிறகும் இரண்டு தடவை அங்கே போய்வந்தார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழர்கள் பெருங்கூட்டமாக வந்து கேட்டார்கள். மனமாரப் பொருள் உதவியும் செய்தார்கள். சொந்த ஊரில் மாணவர்கள் கைவிட்ட பாடத்தைக் கேட்க, கடலுக்கு அப்பால் ஜனங்கள் காசு கொடுத்து வந்தார்கள்.

ஒரு சொல்லில் தொடங்கியது

கல்லூரியை விட்டு ஐந்து வருடம் ஆகியும், இன்று நாம் அவரை எதற்காக நினைக்கிறோமோ அந்தக் காரியம் தொடங்கவே இல்லை. அதுவரையில் அவரும் மற்றவர்களைப் போல வடசொற்களைத் தாராளமாகக் கலந்துதான் எழுதினார். பத்திரிகையின் பெயர் ஞானசாகரம்; சங்கத்தின் பெயர் சமரச சன்மார்க்க நிலையம்; தம் பெயர் சுவாமி வேதாசலம். மூன்றும் வடசொற்களால் ஆனவை.

1916-ல் ஒரு நாள். வீட்டுத் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு உலாவிக்கொண்டிருந்தார். மகளுக்கு வயது பதின்மூன்று. இராமலிங்க சுவாமிகளின் திருவருட்பாவிலிருந்து ஒரு பாட்டைப் பாடினார்கள். அந்தப் பாட்டில் உடம்பைக் குறிக்கத் தேகம் என்ற வடசொல் வருகிறது. அந்த இடத்தில் யாக்கை என்ற தமிழ்ச் சொல் இருந்தால் ஓசை இன்னும் இனிமையாக இருக்குமே என்று தகப்பனார் மகளுக்கு எடுத்துக் காட்டினார். பிறமொழிச் சொல் வந்து புகுந்தால், நாளடைவில் சொந்தச் சொல் மறைந்துபோகும் என்றும் விளக்கினார்.

பேச்சு அதோடு முடிந்துவிடவில்லை. இனித் தமிழ்ச் சொல்லாலேயே பேசுவது, எழுதுவது என்று இருவரும் உறுதி செய்துகொண்டார்கள். தனித்தமிழ் இயக்கம் பிறந்த கதை இது. மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு தகப்பன், ஒரு மகள்.

வீட்டில் நடந்த மாற்றம்

மாற்றத்தை முதலில் தம்மிடமே செய்தார். வேதம் என்றால் மறை. அசலம் என்றால் மலை. சுவாமி என்றால் அடிகள். சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார்.

ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. பிள்ளைகளின் பெயர்களும் தப்பவில்லை. மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். இவற்றில் சில பெயர்களைக் கூப்பிட்டுப் பழக வீட்டாருக்கே கொஞ்ச நாள் ஆகியிருக்கும்!

தம்முடைய பழைய புத்தகங்களை மறுபடி அச்சிடும்போது, வடசொற்களை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொற்களைப் போட்டார். இங்கேதான் கல்லூரி வேலை போனதன் பலன் தெரிகிறது. பத்திரிகை சொந்தம், புத்தகம் சொந்தம். மேலதிகாரி யாரும் இல்லை. நடையை மாற்றாதே, வாசகர் ஓடிவிடுவார்கள் என்று தடுக்க முதலாளியும் இல்லை. சம்பளத்துக்கு இருந்த பண்டிதர் இதைச் செய்திருந்தால் மறு மாதம் விளக்கம் கேட்டிருப்பார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. தமிழைக் குறுக்குகிறார், நடக்காத காரியம் செய்கிறார் என்று படித்தவர்களே சொன்னார்கள். வடமொழி தெரியாத வெறுப்பு என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. சாகுந்தலத்தை மூலத்திலிருந்து மொழிபெயர்த்தவர் அல்லவா?

அந்த நாளில் தமிழர் பேசிய, எழுதிய பாஷையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது, அக்கிராசனர். செயலாளர் கிடையாது, காரியதரிசி. சொற்பொழிவு கிடையாது, பிரசங்கம். தேர்தலில் வேட்பாளர் கிடையாது; அபேட்சகர். கலியாணத்துக்குத் திருமண அழைப்பிதழ் வராது. விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை வரும். வணக்கம் என்று கைகூப்புவதும் அரிது, நமஸ்காரம்தான். இந்தப் புதுச் சொற்களை எல்லாம் அடிகளே உண்டாக்கினார் என்று சொல்ல முடியாது. பலர் உழைத்தார்கள், கட்சிகளும் பத்திரிகைகளும் பள்ளிக்கூடங்களும் பரப்பின. ஆனால் துணிந்து முதலில் பாத்தி கட்டியவர் அவர்.

அவரைப் பற்றி இன்னொரு வேடிக்கை. தனித்தமிழ் கண்ட அடிகள், தம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிவந்தார். 1898-ல் தொடங்கிய பழக்கம், கடைசி வரையில் விடவில்லை. ஆங்கிலத்தில் பத்திரிகையும் நடத்தினார். எந்த மொழியையும் நன்றாகக் கற்கவேண்டும், ஒன்றை மற்றதோடு கலக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

எழுதிக் குவித்தார்

பல்லாவரத்து வீட்டிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்கள் வந்தன. சமயமும் இலக்கியமும் மட்டும் அல்ல. எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு புத்தகம். நூறு வருடம் உயிர்வாழும் வழி பற்றி ஒரு புத்தகம். கடிதங்களாலேயே அமைந்த நாவல் ஒன்று; அது கோகிலாம்பாள் கடிதங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுரைக் கொத்து. 1930-ல் வந்த மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் அவருடைய பெரிய ஆராய்ச்சி. அதில் மாணிக்கவாசகரை மூன்றாம் நூற்றாண்டில் கொண்டுபோய் வைத்தார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் அதை ஒப்பவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு என்கிறார்கள். அவர் சொன்ன முடிவு எல்லாம் நிலைத்தது என்று சொல்ல முடியாது.

1937-ல், பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் பேச்சு எழுந்தது. இந்தி பொது மொழியா என்று கேட்டு ஒரு சிறு நூல் எழுதினார். அறுபது வயது கடந்த பிறகு மேடை ஏறிப் பேசினார். கட்டாயம் இல்லை என்று தமிழ் ஒதுக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

மகள் நீலாம்பிகை தகப்பனாருக்கு ஏற்ற மகள். திருவரங்கம் பிள்ளையை மணந்தார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை நிறுவியவர் அவர். வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைத் திரட்டி நீலாம்பிகை ஒரு அகராதியே செய்தார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். ஈ.வெ.ராமசாமிக்குப் பெரியார் என்ற பட்டத்தைக் கொடுத்த மாநாடு அது. தோட்டத்தில் கூட நடந்த அந்த மகள், தகப்பனாருக்கு முன்னாலேயே இறந்துபோனார்.

கல்லூரியும் வந்தது

அடிகள் பல்லாவரத்துக்கு வந்து 26 வருடம் கழிந்தது. ஜார்ஜ் டவுனில் கிறிஸ்தவக் கல்லூரிக்கு இடம் போதவில்லை. 1937-ல் அது தாம்பரத்துக்கு மாறியது. சேலையூர்ப் பக்கம் இருந்த காட்டு நிலத்தில், மரங்களுக்கு நடுவே புதுக் கட்டிடங்கள் எழுந்தன.

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் ரெயிலில் சில நிமிஷப் பயணம்தான். முன்னே அவர் போன பாதையில், பின்னே அவருடைய கல்லூரி வந்து சேர்ந்தது. அப்போது அடிகளுக்கு வயது 61. தமிழ் படித்தவர்கள் ஊரெங்கும் அவர் பெயரை மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாலாயிரம் புத்தகம்

சம்பாதித்ததில் பெரும்பகுதி புத்தகமாக மாறியது. தமிழ், வடமொழி, ஆங்கிலம் என்று சுமார் 4,000 நூல்கள் வீட்டில் சேர்ந்தன. அதற்கு மணிமொழி நூல்நிலையம் என்று பெயர். இராமாயணம், தொல்காப்பியம் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் மனோதத்துவமும் மருத்துவமும் இருந்தன.

1950 செப்டம்பர் 15-ந் தேதி மறைமலை அடிகள் காலமானார். வயது 74. அந்தப் புத்தகங்களைப் பொதுமக்களுக்கே விட்டுப் போயிருந்தார்.

சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் அந்த நூல்களை வைத்து ஒரு நூலகம் அமைத்தார்கள். 1958-ல் அது திறக்கப்பட்டது. இடம், சென்னை ஜார்ஜ் டவுன், லிங்கிச் செட்டித் தெரு. ஒரு காலத்தில் வேதாசலம் என்ற தமிழாசிரியர் தினமும் வகுப்புக்குப் போய்வந்த கல்லூரி, அந்தத் தெருவுக்கு வெகு அருகில்தான் இருந்தது. பிறகு அந்த நூல்கள் எழும்பூர் கன்னிமாரா நூலக வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.